நகரைக் காடென்று கண்ட ராடார்

இருளும் மேகமும் ஒளிப்படக் கருவிக்குத் தடைகளாகும். ராடாருக்கோ அவை தடைகள் அல்ல. தானே அலையை அனுப்பி, மீண்டு வருவதைத் தானே ஏற்று, நிலத்தின் உருவத்தை அது வரைகிறது. 1904ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஹுல்ஸ்மேயர், தொலைவிலுள்ள கப்பலை அலைகளால் அறியும் கருவியைச் செய்து காட்டினார். 1978ஆம் ஆண்டில் அமெரிக்கா ஏவிய சீசாட் செயற்கைக்கோள், விண்ணிலிருந்தே கடலையும் நிலத்தையும் ராடார் படமாக்கியது. ஆயினும் அதன் அலைகள் ஒரே தளத்தில் அதிர்ந்தன. எனவே, மீண்ட அலையின் வலிமை தெரிந்ததேயன்றி, அதை மீளச் செய்த பொருளின் தன்மை எளிதில் புலப்படவில்லை.

இக்குறையைப் போக்க வந்ததே தளவிளைவு ராடார். அலையைக் கிடையாகவும் செங்குத்தாகவும் மாறி மாறி அனுப்பி, மீள்வதை இரு தளங்களிலும் அது அளக்கிறது. கடற்பரப்பில் பட்ட அலை ஒருமுறை தெறித்து மீளும். நகரில் பட்ட அலை தெருவிலும் சுவரிலுமாக இருமுறை தெறித்து மீளும். மரங்களிடையே புகுந்த அலையோ இலைகளிலும் கிளைகளிலும் சிதறி, தன் தளம் குலைந்து மீளும்.

இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, 1989ஆம் ஆண்டில் ஜேக்கப் வான் சைல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் படத்தை வகைப்படுத்தினார். கடலும், நகரும், கோல்டன் கேட் பூங்காவும் தனித்தனியே பிரிந்து நின்றன. அதன்பின் அந்நகரமே இத்துறையினர்க்கு உரைகல்லாயிற்று.

ஆனால், அதே நகரம் ஒரு பிழையையும் உணர்த்திற்று. 1847ஆம் ஆண்டில் ஜாஸ்பர் ஓஃபாரல் என்னும் நில அளவையாளர், பழைய தெருக்களுக்குக் குறுக்கே சாய்வாக மார்க்கெட் சாலையை வகுத்தார். அதற்குத் தெற்கிலுள்ள தெருக்களும் அச்சாய்வையே பின்பற்றின. ராடாரை நேர்நோக்காத அச்சுவர்களில் பட்ட அலை, தளம் திரிந்து மீண்டது. வீடுகள் நெருங்கிய அப்பகுதி, கணக்கீட்டில் மரத்தொகுதியாகத் தோன்றியது!

ஜப்பானிய அறிஞர் யோஷியோ யமாகுச்சியும் அவர்தம் குழுவினரும் 2005ஆம் ஆண்டில் நான்காவது கூறொன்றைச் சேர்த்து, நகரப் பகுதிகளுக்கேற்ற முறையை வகுத்தனர். சாய்வின் அளவைக் கணக்கிட்டு, அதற்கேற்ப அளவுகளைத் திருப்பிப் பார்க்கும் முறையை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காடாகத் தோன்றிய இடங்கள் பலவும் நகராகத் தெளிந்தன.

இத்திருத்தம் ஏட்டளவில் நிற்பதன்று. 2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியது. 2006இல் அந்நாடு ஏவியிருந்த தைச்சி செயற்கைக்கோளின் படங்களில், பேரலைக்கு முன்னிருந்த இருமுறைத் தெறிப்பு பின்னர்ப் பல இடங்களில் குன்றியிருந்தது. அங்கே வீடுகள் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. நின்றபோது வீடென்று அறியப்படாத ஒன்று, வீழ்ந்தபோது இழப்பென்று எண்ணப்படுவது எங்ஙனம்? சாய்ந்து நின்ற தெருக்களையும் நகரென்று அறியக் கற்றதன் பெருமை இதுவேயாகும்.