யாழ்ப்பாணத் தோட்டநிலப் பழங்காசுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தோட்டம் கொத்தும்போதும் கிணறு வெட்டும்போதும் மண்ணிலிருந்து வெளிப்படும் பழைய உலோகக் காசுகள். பெரும்பாலானவை செம்பு. கந்தரோடை, வல்லிபுரம், நல்லூர் ஆகியவை இவற்றுக்குப் பேர்பெற்ற இடங்கள். கந்தரோடையில் போல் பீரிஸ் 1917-1919 காலத்தில் செய்த ஆய்வு, முத்திரைக் காசுகளையும் உரோமக் காசுகளையும் வெளிக்கொணர்ந்து, அவ்வூரின் தொன்மையை உலகறியச் செய்தது.

குடாநாட்டுக்கே உரிய காசு சேதுக் காசு. ஒரு பக்கத்தில் நிற்கும் அரச உருவம். மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதன்மேல் பிறை, கீழே தமிழில் 'சேது'. எழுத்துத் தேய்ந்திருந்தால் நந்தியையும் பிறையையும் கொண்டு அடையாளம் காணலாம். இவை இராமநாதபுரச் சேதுபதிகளின் காசுகள் என்று முன்னர் சிலர் கருதினர். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட யாழ்ப்பாண வரலாற்று நூலில் இவற்றை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுக்கே உரியவையாகக் கொண்டார். கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவில் உள்ள ஆரியச் சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டும் 'சேது' என்றே தொடங்குகிறது. இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இக்காசுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

சோழர் காசு ஒருபுறம் நிற்கும் மனிதனையும் மறுபுறம் அமர்ந்த மனிதனையும் காட்டும். பொலநறுவை அரசரும் இதே அமைப்பைப் பின்பற்றியதால் உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லக்கூடாது. நாகரி எழுத்தில் இராஜராஜன் பெயரா, பராக்கிரமபாகு பெயரா என்று வாசிக்க வேண்டும். ஒல்லாந்தர் காசை அறிவது எளிது. பெரிய 'வி' எழுத்தின் இரு கால்களிலும் 'ஓ', 'சி' கோத்திருக்கும். கீழே ஆண்டு இருக்கும். மறுபுறச் சின்னத்தில் சிங்கம் அலைகளிலிருந்து எழுந்தால் அது சீலாந்து மாகாணத்தில் அடித்தது. நாம் சொல்லும் 'துட்டு', இக்காசின் டச்சுப் பெயரான 'டொய்ட்' என்பதன் மரூஉவே.

கிடைத்த காசைப் புளி போட்டு மினுக்குவது பெருங்கேடு. பச்சைக் களிம்போடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். எந்தக் காணியில், எவ்வளவு ஆழத்தில், எந்த ஓட்டுத்துண்டுகளுடன் கிடைத்தது என்ற செய்தி காசைவிடப் பெறுமதியானது. அதை அன்றே குறித்து வைக்க வேண்டும்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டப்படி, தன் காணியில் கிடைத்தது என்பதால் மட்டும் தொல்பொருள் காணிக்காரருக்குச் சொந்தமாகாது. கண்டெடுத்தவர் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.