எம்29 வீசல்: ஒரு பழைய ஈரூடக ஊர்தியும் அதன் சங்கிலித்தடங்களும்

எம்29 வீசல் என்பது இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட சிறிய சங்கிலித்தட ஊர்தி ஆகும். முதலில் பனியில் ஓடுவதற்காக உருவாக்கப்பட்ட இவ்வூர்தி, பின்னர் சேறு, சதுப்பு, மணல் ஆகியவற்றிலும் பயன்பட்டது. நீரில் மிதந்து செல்லும் அதன் வகை எம்29சி எனப்பட்டது. கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கின் ஆங்கிலப் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. புல்டோசரிலும் செயின் பொக்லைனிலும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையே சங்கிலித்தடம். வீசலின் வரலாறு பெரும்பாலும் அதன் தடத்தின் வரலாறே. எவ்வளவு அகலமான தடம், எதனால் செய்த தடம், எந்த நிலத்துக்கான தடம் என்ற கேள்விகளே அதன் வெற்றிகளையும் தோல்விகளையும் தீர்மானித்தன.

பின்னணி

1942 இல் பிரிட்டனின் கூட்டு நடவடிக்கைத் தலைமையகத்தில் மவுண்ட்பேட்டனின் கீழ்ப் பணியாற்றிய ஜெஃப்ரி பைக் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பனி மூடிய நாடுகளில் சிறு படையொன்றை இறக்கி, நார்வேயின் நீர்மின் நிலையங்கள் போன்ற இலக்குகளைத் தாக்கி, எதிரியின் பெரும்படையை அங்கேயே கட்டிப்போடலாம் என்பது அவர் எண்ணம். இது பிளவ் திட்டம் என அழைக்கப்பட்டது. பனிக்கட்டியால் விமானந்தாங்கிக் கப்பல் கட்டலாம் என்று சொன்னவரும் இதே பைக்தான்.

இத்திட்டத்துக்குப் பனியில் விரைந்து செல்லும் வண்டி தேவைப்பட்டது. பைக் மனத்தில் வைத்திருந்தது சங்கிலித்தடம் அன்று. பனியைத் திருகிக்கொண்டு முன்னேறும் பெரிய திருகு உருளைகள். அத்தகைய உருளை வண்டி பனியில் நன்றாக ஓடும். பாறையும் மண்ணும் கலந்த நிலத்தில் திணறும். அமெரிக்கப் பொறியாளர்கள் அதைக் கைவிட்டுச் சங்கிலித்தடத்தைத் தேர்ந்தெடுத்தனர். வீசலின் முதல் தடத் தேர்வு இதுவே.

வண்டியைத் தயாரிக்கும் பொறுப்பு இண்டியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனத்திடம் தரப்பட்டது. முதலில் வந்த எம்28 வகையில் உந்துபொறி பின்புறம் இருந்தது. அதைத் திருத்தி, பொறியை முன்னுக்கும் தடத்தை இழுக்கும் பற்சக்கரத்தைப் பின்னுக்கும் மாற்றியபோது எம்29 உருவானது. ஸ்டூடிபேக்கரின் சாம்பியன் காரில் இருந்த ஆறு உருளைப் பெட்ரோல் பொறியே இதிலும் பொருத்தப்பட்டது. எம்29, எம்29சி இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 15,000 ஊர்திகள் தயாராயின.

பிளவ் திட்டம் 1942 இன் இறுதிக்குள் கைவிடப்பட்டது. அதற்கெனத் திரட்டப்பட்ட அமெரிக்க–கனடியச் சிறப்புப் படை வேறு களங்களுக்கு அனுப்பப்பட்டது. பனிக்காகப் பிறந்த வண்டிக்குப் பனி இல்லாத வேலைகள் காத்திருந்தன.

தடத்தின் அமைப்பு

அக்காலப் பீரங்கி வண்டிகளின் தடங்கள் இரும்புக் கண்ணிகளை ஊசிகளால் கோத்தவை. அவை உறுதியானவை, ஆனால் கனமானவை. வானிலிருந்து இறக்கத்தக்க சிறு வண்டிக்கு அவை ஒவ்வா. எனவே வீசலுக்கு வேறு முறை கையாளப்பட்டது. எஃகுக் கம்பி வடங்களை உள்ளே வைத்த இரப்பர் பட்டைகளின் மீது குறுக்காக எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டன. வடம் இழுவையைத் தாங்கியது, இரப்பர் வளைந்துகொடுத்தது, தகடு பனியையும் சேற்றையும் பற்றியது.

இதனால் தடம் எடை குறைந்து, சத்தமும் குறைந்தது. ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. இரும்புக் கண்ணித் தடத்தில் ஒரு கண்ணி உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். முடிவற்ற வளையமாக உள்ள பட்டையில் வடம் அறுந்தால் அப்படி எளிதாகச் சரிசெய்ய முடியாது. கல் நிறைந்த தரையிலும் கெட்டியான சாலையிலும் நெடுந்தொலைவு ஓட்டினால் தடம் விரைவில் தேய்ந்தது. வேகத்தில் திடீரெனத் திருப்பினால் தடம் சக்கரங்களை விட்டுக் கழன்றுபோகவும் கூடும்.

15 அங்குலமா, 20 அங்குலமா?

தொடக்க எம்29 வண்டிகளின் தடம் 15 அங்குலம் (சுமார் 38 செ.மீ.) அகலம் கொண்டது. பிந்தைய வண்டிகளுக்கும் மிதக்கும் எம்29சி வகைக்கும் 20 அங்குலத் (சுமார் 51 செ.மீ.) தடம் தரப்பட்டது.

இந்த ஐந்து அங்குலத்தின் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். வண்டியின் எடையைத் தரையைத் தொடும் தடத்தின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தரையழுத்தம். எடையும் நீளமும் மாறாமல் அகலம் மட்டும் 15 இலிருந்து 20 ஆனால், பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. எம்29சி தரையில் தந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்கும் குறைவு. நடக்கும் மனிதன் ஒரு காலில் எடையைத் தாங்கும் கணத்தில் தரும் அழுத்தம் இதைவிடப் பன்மடங்கு. மனிதன் முழங்காலளவு புதையும் இடத்தில் இரண்டு டன் வண்டி மேலோட்டமாகச் சென்றதன் காரணம் இதுதான்.

அகலத் தடம் எல்லா வகையிலும் நல்லது என்று கருதுவது தவறு. தடம் அகன்றால் அதன் எடை கூடும். திருப்பும்போது தரையை உராயும் பரப்பும் கூடும். மையத்துக்கு வெளியே நீளும் தடம் ஒரு கல்லில் ஏறினால், முறுக்கு முழுவதும் சிறு சக்கரங்களின் மீதும் அவற்றின் தாங்கிகளின் மீதும் விழும். கெட்டித் தரையில் குறுகிய தடமே வண்டிக்கு இதம். சேற்றிலும் பனியிலும் அகன்ற தடமே அதன் உயிர்.

நீரில் தடம்

எம்29சி வகைக்கு முன்னும் பின்னும் மிதவைத் தொட்டிகளும், பின்புறம் இரண்டு சுக்கான்களும் பொருத்தப்பட்டன. நீரைத் தள்ளத் தனி விசிறி கிடையாது. தடமே துடுப்பின் வேலையையும் செய்தது. தடத்தின் கீழ்ப்பகுதி நீரைப் பின்னோக்கித் தள்ளும். அதே நேரத்தில் மேற்பகுதி நீரை முன்னோக்கித் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இதைக் குறைக்கவே தடத்தின் மேற்பகுதியைப் பக்கத் தகடுகளால் மூடினர். அப்போதும் நீரில் அதன் வேகம் மணிக்கு 6 கி.மீ. அளவே, நிலத்தில் அது 50 கி.மீ. வேகத்தையும் தாண்டக்கூடியது. ஆறு, ஏரி, கால்வாய் போன்ற அமைதியான நீர்நிலைகளுக்கு இது போதும். அலை புரளும் கடற்கரையில் நீர் உள்ளே புகுந்து வண்டி மூழ்கும் அபாயம் இருந்தது.

போர்க்களத்தில்

1944 நவம்பரில் நெதர்லாந்தின் வால்கெரன் தீவில் கடலணைகள் குண்டுவீசி உடைக்கப்பட்டு, தீவின் பெரும்பகுதி வெள்ளத்தில் கிடந்தது. அங்கு இறங்கிய படையினருடன் வீசல்களும் சென்றன. பசிபிக் பகுதியில் ஈவோ சீமா தீவின் எரிமலைச் சாம்பல் மணலில் சக்கர வண்டிகள் புதைந்தபோது, வெடிபொருட்களை மேலே கொண்டுசெல்லவும் காயமுற்றோரைக் கீழே கொண்டுவரவும் வீசல்கள் உதவின. காயமுற்றவருக்கு அகன்ற தடம் என்பது பொறியியல் நுணுக்கம் அன்று. மருத்துவரிடம் சேர்வதா, இடையிலேயே புதைந்து நிற்பதா என்ற வேறுபாடு அது.

துருவங்களில்

போருக்குப் பின் மிச்சப்பட்ட வீசல்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. பிரெஞ்சுப் பயணக் குழுக்கள் இவற்றைக் கிரீன்லாந்துக்குக் கொண்டுசென்றன. 1949–52 இல் அண்டார்க்டிக்காவில் பணியாற்றிய நார்வே–பிரிட்டன்–சுவீடன் கூட்டுக் குழுவும் இவற்றைப் பயன்படுத்தியது. 1951 பிப்ரவரியில் அக்குழுவின் வீசல் ஒன்று, மங்கிய பார்வைத் தெளிவில், பனித்தட்டின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. நால்வரில் மூவர் மூழ்கி இறந்தனர். ஒருவர் மிதக்கும் பனிப்பாளத்துக்கு நீந்தி உயிர் தப்பினார். மென்பனியில் புதையாமல் காக்கும் தடம், பனியே இல்லாத இடத்தில் எதையும் செய்ய இயலாது.

விவியன் ஃபக்ஸ் தலைமையில் 1957–58 இல் அண்டார்க்டிக்காவை முதன்முறையாக நிலவழியே குறுக்காகக் கடந்த குழுவிலும் வீசல்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக வழியில் கைவிடப்பட்டன. 1958 மார்ச் 2 அன்று ஸ்காட் தளத்தை அடைந்தவை நான்கு ஸ்னோகேட் வண்டிகளே. நான்கு தனித் தடங்கள் கொண்ட ஸ்னோகேட் அளவில் பெரியது; நெடும்பயணத்தைத் தாங்கியது. போருக்காக அவசரத்தில் செய்த வீசல், பதினைந்து ஆண்டு கழித்து ஒரு கண்டத்தைக் கடக்க முயன்றதே பெரிது எனலாம்.

பிற்காலமும் இன்றைய தேர்வும்

வீசலுக்குப் பின் அமெரிக்கப் படையில் வந்த எம்76 ஆட்டர் இன்னும் அகன்ற தடத்தைக் கொண்டிருந்தது. நீரில் செல்ல அதற்குத் தனி விசிறி தரப்பட்டது. 1960களில் கனடாவில் ஜைகர், ஆர்கோ போன்ற சிறு ஈரூடக வண்டிகள் பொதுமக்களுக்காக வந்தன. இவை ஆறு அல்லது எட்டுச் சக்கரங்களில் ஓடுபவை. தேவைப்படும்போது டயர்களின் மேலேயே தடத்தை மாட்டிக்கொள்ளும் வழக்கம் இவ்வகை வண்டிகளில் பரவியது.

பழைய ஈரூடக வண்டியைப் புதுப்பிப்போர் முன் இன்றும் அதே கேள்வி நிற்கிறது. வண்டி எந்த நிலத்தில் ஓடப்போகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அடுத்து, அச்சுகளும் சங்கிலிகளும் தாங்கிகளும் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைக் கணக்கிட வேண்டும். அகன்ற தடம் இழுவையைக் கூட்டும். கூடிய இழுவை அத்தனையும் வயதான உறுப்புகளின் வழியாகவே செல்லும். இறுதியாக, தடம் அறுந்தால் அதை அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். வீசலை ஓட்டியவர்கள் இம்மூன்றையும் சேற்றிலும் பனியிலும் நின்று கற்றுக்கொண்டனர்.