சிறார் தொடக்க டென்னிஸ் பயிற்சி

10 வயதுக்கு உட்பட்டோருக்குச் சிறிய களம், மெதுவான பந்து, குட்டை மட்டை கொண்டு டென்னிஸ் கற்பிக்கும் முறை. வழக்கமான மஞ்சள் பந்து சிறுவரின் தலைக்கு மேல் எகிறிவிடும் என்பதே இதற்குக் காரணம். பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 2007இல் இம்முறையைப் பரப்பத் தொடங்கியது. 2012 முதல் இவ்வயதினரின் போட்டிகளில் மஞ்சள் பந்துக்கு இடமில்லை. மஞ்சளைவிடச் சிவப்புப் பந்து 75 விழுக்காடும், ஆரஞ்சு 50, பச்சை 25 விழுக்காடும் வேகம் குறைந்தவை.

சிவப்புப் பந்தில் ஆடும் சிவப்புநிலைக் களத்தின் நீளம் சுமார் 11 மீட்டர். வலையின் உயரம் 80 செ.மீ. 13.4 மீட்டர் நீளமுள்ள பாட்மிண்டன் களத்துக்குள் இது அடங்கும். ஆகவே கீழ்க்கட்டளை போன்ற நெரிசலான சென்னைப் புறநகர்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் விளையாட்டிடமே பயிற்சிக்குப் போதும். முதலில் பந்தை உருட்டிப் பிடிப்பது, அடுத்து ஒருமுறை துள்ளவிட்டுப் பிடிப்பது; மட்டை அதன் பிறகே.