கேள்விக்குறி நீக்கப்பட்ட தலைப்பு



பருவ வயதுப் பெண்ணொருத்தி தன்னைத் தானே இனங்காண முயல்வதைச் சித்திரிக்கும் ஆங்கில நாவல்கள் பல உள்ளன. அவற்றுட் பல, கடைசி அத்தியாயத்தில் ஒரு திருமணத்தோடு நிறைவுபெறும். அத்துடன் அவளது தேடலும் முடிந்துபோகும். அவ்வாறு முடியாத ஒரு நாவலைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அவுஸ்திரேலிய எழுத்தாளர் மைல்ஸ் பிராங்க்ளின் எழுதிய 'மை பிரில்லியண்ட் கரியர்' என்பதே அது. 'ஒளிமயமான எனது வாழ்க்கைப் பாதை' என்று தமிழிற் சொல்லலாம். 1901ஆம் ஆண்டு பிளக்வூட் என்ற பிரித்தானியப் பதிப்பகம் இதனை வெளியிட்டது.

ஆசிரியை 1879இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர். நாவலை எழுதி முடித்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. கதாநாயகி சிபிலா மெல்வினும் அவரைப் போன்ற ஒரு நாட்டுப்புறப் பெண்தான். வசதியான பண்ணையாளராக இருந்த தந்தை கால்நடை வியாபாரத்தில் நொடித்து, குடிக்கு அடிமையாகிறார். வறண்ட நிலத்திலே பசுக்களை வைத்துப் பால் கறந்து சீவிக்கும் அக்குடும்பத்தில், புத்தகமும் இசையும் வேண்டும் என்று ஏங்கும் மகள் ஒரு தொல்லையாகவே தெரிகிறாள்.

பாட்டியின் வீட்டில் சிலகாலம் அவளுக்கு மகிழ்ச்சி கிடைக்கிறது. அங்கே ஹரோல்ட் பீச்சம் என்ற செல்வந்த இளைஞன் அவளை விரும்புகிறான். ஆனால் தந்தை பட்ட கடனின் வட்டிக்கு ஈடாக, படிப்பறிவு குறைந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுக்க அவள் அனுப்பப்படுகிறாள். நோயுற்று வீடு திரும்பிய பின்னர், ஹரோல்ட் மீண்டும் வந்து கேட்கிறான். அவனை நல்லவன் என்று அறிந்திருந்தும் அவள் மறுத்துவிடுகிறாள்.

இந்த மறுப்பே நாவலின் உயிர் என்பது என் கருத்து. தான் யார் என்பது சிபிலாவுக்கு இன்னும் தெளிவாகவில்லை. தான் யார் அல்ல என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. நாவல் முடியும்போது அவளுக்குத் திருமணமும் இல்லை, புகழும் இல்லை. அதே பால்பண்ணை வேலைதான். நாவலில் மிகையுணர்ச்சி உண்டு. தான் பாடஞ்சொன்ன குடும்பத்தை அவள் ஏளனமாகப் பார்ப்பதும் நமக்கு நெருடுகிறது. ஆயினும் அந்த முடிவின் நேர்மையைக் குறைசொல்ல முடியாது.

நாவல் வெளிவந்த வரலாறும் அறிய வேண்டியதே. கையெழுத்துப் பிரதியின் தலைப்பில், 'ஒளிமயமான' என்ற சொல்லை அடுத்து ஆசிரியை ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். பதிப்பகத்தார் அதை நீக்கிவிட்டனர். ஆண் பெயர்போல் ஒலிக்கும் 'மைல்ஸ்' என்பதை அவர் தெரிந்தெடுத்தது, எழுதியவர் ஒரு பெண் என்பது தெரியாமலிருக்கவே. ஆனால் பிரதியை இலண்டனுக்கு எடுத்துச் சென்று உதவிய புகழ்பெற்ற எழுத்தாளர் ஹென்றி லோசன், தமது முன்னுரையிலேயே அந்த இரகசியத்தை வெளியிட்டார்.

விளைவு என்ன? ஓர் இளம்பெண் எழுதிய கற்பனையை அவளுடைய சொந்தக் கதையாகவே பலரும் வாசித்தனர். உறவினரும் அயலவரும் தங்களையே அதில் கண்டு மனம் புண்பட்டனர். கற்பனைப் பாத்திரத்துக்குத் தான் கொடுத்த தனித்துவத்தை, அதைப் படைத்தவருக்கு மற்றவர்கள் கொடுக்கவில்லை. நாளடைவில் அவர் நாவலின் மறுபதிப்பையே தடுத்தார். தாம் இறந்து பத்தாண்டுகள் கழியும்வரை அது வெளிவரக்கூடாது என்றார். அவர் 1954இல் காலமானார். நாவல் 1966இல்தான் மீண்டும் வெளிவந்தது. 1979இல் ஜிலியன் ஆர்ம்ஸ்ட்ரோங் அதைத் திரைப்படமாக்கினார்.

ஆசிரியையும் சிபிலாவைப் போல மணஞ்செய்யாமலே வாழ்ந்தார். 1906இல் அமெரிக்கா சென்று, சிக்காகோவிற் பெண் தொழிலாளர் இயக்கத்திற் பணியாற்றினார். பிற்காலத்திற் 'பிரெண்ட் ஒவ் பின் பின்' என்ற புனைபெயருக்குள் மறைந்து பல நாவல்களை எழுதினார். அவர் விட்டுச் சென்ற பணத்தில் நிறுவப்பட்ட மைல்ஸ் பிராங்க்ளின் விருது, முதன்முதலாக 1957ஆம் ஆண்டுக்கென பற்ரிக் வைற்றின் 'வொஸ்' நாவலுக்குக் கிடைத்தது. பெண் எழுத்தாளருக்கென 2013இல் முதன்முறை வழங்கப்பட்ட பரிசுக்கு, அவர் மறைத்துவைத்த 'ஸ்டெல்லா' என்ற பெயரே சூட்டப்பட்டது.

பதிப்பகத்தார் நீக்கிய கேள்விக்குறியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்நாவலைப் படித்துப் பாருங்கள், நேயர்களே. பத்தொன்பது வயதை நெருங்கும் ஒரு பெண் தன் வாழ்வைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியது அந்தக் குறி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.