பழைய மோட்டார் சஞ்சிகைகளை என்ன செய்வது?

கடந்த ஆண்டின் இறுதியில், இலண்டனிலிருந்து வந்திருந்த பள்ளித் தோழர் ஒருவர், காலஞ்சென்ற தமது தந்தையாரின் வெள்ளவத்தை வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். உதவிக்குப் போயிருந்த என்னிடம் ஐந்து தகரப் பெட்டிகளைக் காட்டினார். அவற்றில் இருந்தவை 'தி ஓட்டோகார்', 'தி மோட்டார்' ஆகிய பிரித்தானிய வாராந்தரிகள். பெரும்பாலானவை 1940களின் பிற்பகுதியிலிருந்து 1960கள் வரையிலான இதழ்கள்.

"இதை என்ன செய்யிறது மச்சான்? பழைய பேப்பர்காரனுக்குக் குடுக்கவும் மனம் வரேல்லை, பிளேனிலை கொண்டுபோகவும் ஏலாது" என்றார்.

அவரது தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். ஒஸ்ரின் ஏ 40 கார் ஒன்றின் உரிமையாளர். யாழ்ப்பாணத்து வீட்டில் ஓர் அறை நிறைய அவர் சேர்த்து வைத்திருந்தவற்றுள், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்கும் கறையானுக்கும் தப்பிய பகுதிதான் இது. 2002இல் ஏ9 பாதை திறந்த பின்னரே கொழும்புக்கு வந்தது. நண்பரின் கேள்விக்கு உடனடியாக விடை சொல்ல என்னால் இயலவில்லை. பெட்டிகளைத் திறந்து வாசிக்க வாசிக்கத்தான் விடை கிடைத்தது.

'ஓட்டோகார்' சஞ்சிகையின் முதல் இதழ் 1895 நவம்பர் 2இல் கொவென்றி நகரிலிருந்து வெளிவந்தது. அப்போது பிரித்தானிய வீதிகளில் ஓடிய மோட்டார் வாகனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இயந்திர வண்டிக்கு முன்னே ஒருவர் நடந்துசெல்ல வேண்டும், மணிக்கு நான்கு மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்ற பழைய சட்டமும் நடைமுறையில் இருந்தது. வாசகர் வைத்திராத, ஓட்டவும் முடியாத ஒரு பொருளைப் பற்றி வாரந்தோறும் சஞ்சிகை நடத்தத் துணிந்தார்கள்! மறு ஆண்டு நவம்பரில் அச்சட்டம் தளர்த்தப்பட்டு, வேக எல்லை 14 மைலாக உயர்ந்தது. போட்டிச் சஞ்சிகையான 'தி மோட்டார்' 1903இல் அப்பெயரைப் பெற்றது. 1988இல் அது ஓட்டோகாருடன் இணைக்கப்பட்டது.

இச்சஞ்சிகைகளைச் சேகரிப்போர் வழமையாகத் தேடுவது இரண்டு விடயங்களை. ஒன்று, 1928 முதல் ஓட்டோகார் ஒழுங்காக வெளியிட்டு வந்த வீதிப் பரிசோதனை அறிக்கைகள். மற்றையது, இயந்திரத்தின் உள்ளுறுப்புகளை வெட்டிக் காட்டும் அற்புதமான கோட்டுச் சித்திரங்கள். இரண்டும் சிறந்தவையே. ஆனால் அவை பலமுறை மறுபதிப்பாகிவிட்டன. தேடுவோருக்கு வேறிடங்களிலும் கிடைக்கும்.

என்னைக் கட்டிப்போட்டவை விளம்பரங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. எவ்வளவுக்கு ஏற்றுமதி செய்கிறீர்களோ அதற்கேற்பவே உருக்கு ஒதுக்கித் தரப்படும் என்று கார் உற்பத்தியாளருக்கு அரசாங்கம் கூறிவிட்டது. 1950 அளவில் உலகிலேயே அதிக கார்களை ஏற்றுமதி செய்யும் நாடாக பிரித்தானியா உயர்ந்தது. உள்நாட்டு வாசகரோ புதிய கார் ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அவ்வாறு கிடைத்ததையும் குறித்த காலத்துக்கு மறுவிற்பனை செய்வதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் வாங்க முடியாத கார்களின் முழுப்பக்க விளம்பரங்கள் வாரந்தோறும் அவர் மேசையில் வந்து விழுந்தன. அதே கார்கள் கப்பலேறி இலங்கை போன்ற நாடுகளுக்கு வந்தன. நமது வீதிகளில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் நிறைந்திருந்ததன் பின்னணி, அந்த விளம்பரப் பக்கங்களில் வாரம் வாரமாகப் பதிவாகியிருக்கிறது.

வாசகர் கடிதங்கள், பழைய கார் விலைப் பட்டியல்கள், உதிரிப்பாக வியாபாரிகளின் சிறு விளம்பரங்கள் ஆகியவையும் இத்தகையனவே. ஒரு சமூகம் எதற்கு ஆசைப்பட்டது, எதை வாங்க வசதியற்றிருந்தது என்பதைத் தலையங்கங்களைவிட இவை துல்லியமாகச் சொல்கின்றன. (பத்திரிகையில் தலையங்கம் எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது.)

ஆனால் முதலில் அழிந்தவையும் இப்பக்கங்களே. ஆண்டுத் தொகுப்பாகக் கட்டுவிக்கும்போது அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கழற்றி எறிந்துவிடுவது நூலகங்களிலும் பல காலம் வழக்கமாயிருந்தது. உலகப் போரின்போது தாள் தட்டுப்பாடு வேறு. பழைய தாள்களைத் திரட்டிக் கூழாக்கும் இயக்கம் பிரித்தானியா முழுவதும் நடந்தது. 1942இல் தாளை எரிப்பதும் வீசுவதுமே குற்றமாக்கப்பட்டன. போருக்கு முந்திய சஞ்சிகைகள் எத்தனையோ அந்தக் கூழில் கரைந்தன. இன்றோ, பழைய இதழ்களை வாங்கி, விளம்பரத் தாள்களை மட்டும் அறுத்தெடுத்துச் சட்டமிட்டு விற்போர் இருக்கிறார்கள். எஞ்சிய உடல் குப்பைக்குப் போகிறது. பாவம்.

பெட்டிகளில் இன்னொன்றும் இருந்தது. ஏ 40 பற்றிய இதழ்களில் தொழில்நுட்ப விபரப் பக்கங்கள் எண்ணெய்க் கறை படிந்து கிடந்தன. 1990இல் யாழ்ப்பாணம் மீது பொருளாதாரத் தடை இறுகி பெற்றோல் கிடைக்காமற் போனபோது, இந்தப் பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அக்காலத்தில் அங்கு வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார். சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது சாத்தியமானதற்கு ஒரு முக்கிய காரணம், அந்த இயந்திரங்களின் அமுக்க விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற தாழ்ந்த அளவில் இருந்தமை. தரங்குறைந்த எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. அந்த எண் இச்சஞ்சிகைப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அதன் கீழே பென்சிற்கோடும் இருக்கிறது. கோடிட்டவர் தந்தையாரா, இரவல் வாங்கிய மெக்கானிக்கா என்பது நண்பருக்கு நினைவில்லை.

ஆகவே என்ன செய்வது? நண்பருக்கு நான் சொன்னவை இவை. முதலாவது, எதையும் வெட்டக்கூடாது, பிரிக்கக்கூடாது. இரண்டாவது, எந்த ஆண்டு, எந்தத் திகதி, அட்டையும் விளம்பரமும் முழுமையாக உள்ளனவா என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். பட்டியல் இல்லாத சேகரிப்பை எந்த நூலகரும் விரும்பி ஏற்கமாட்டார். பணம் பெரிதாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். போருக்குப் பிந்திய வாராந்தரிகள் ஏராளமாக அச்சானவை. இங்கிலாந்தில் பியூலி என்னுமிடத்தில் தேசிய மோட்டார் அருங்காட்சியகமும் அதனுடன் ஓர் ஆய்வு நூலகமும் உள்ளன. 1967 முதல் அங்கு பழைய கார்ச் சாமான்களுக்குப் பெருஞ்சந்தையும் கூடுகிறது. விடுபட்ட இதழ் தேடுவோருக்கு அது நல்ல இடம். ஆனால் ஓட்டோகாரின் முழுத் தொகுப்பு அங்குள்ளோருக்கு நம் பெட்டியிலிருந்து போகவேண்டிய அவசியமில்லை.

அவர்களிடம் இல்லாதது பக்கங்களுக்கிடையே செருகியிருந்த தாள்கள்: யாழ்ப்பாணத்துக் கராஜ் பற்றுச்சீட்டுகள், வாகன வருமான அனுமதிப்பத்திரங்கள், கொழும்பு முகவர் அனுப்பிய கடிதங்கள். இவற்றுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. 1981இல் பொது நூலகத்தையே எரியக் கொடுத்த ஊரின் சிறு காகிதங்கள் இவை. எந்த இதழின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு எண்ணிமப்படுத்த வேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இத்தகைய ஆவணங்களுக்கு உரிய இடம். சஞ்சிகைகளை முழுதாக இணையத்தில் ஏற்றுவது வேறு விடயம். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.

துருப்பிடித்த கம்பிகளை மெதுவாக அகற்றவும், ஒட்டுநாடாவைத் தவிர்க்கவும், கடற்கரையோர வெள்ளவத்தையின் ஈரக்காற்றில் மேலும் ஒரு மழைக்காலம் வைக்காதிருக்கவும் சொன்னேன்.

தை மாதத்தில் இலண்டனிலிருந்து தொலைபேசி வந்தது. பட்டியல் முடிந்துவிட்டதாம். 1952ஆம் ஆண்டு இதழொன்றின் ஓரத்தில் தந்தையாரின் கையெழுத்தில் ஒரு கணக்கு இருந்ததாம்: கையிருப்பு, கடன், அம்மாவின் சங்கிலி. மூன்றையும் கூட்டியும் காரின் விலைக்குக் குறைந்தே நின்றதாம்.