இலங்கையில் பட்டதாரிகளும் அரச உத்தியோகமும்

இலங்கையில் பட்டதாரி வேலையின்மை என்பது பல்கலைக்கழகப் படிப்பை முடித்தோர், குறிப்பாகக் கலைத்துறைப் பட்டதாரிகள், தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலையைக் குறிக்கும். 1960களின் பிற்பகுதி முதல் இது நாட்டின் அரசியலைத் தொடர்ந்து பாதித்து வந்துள்ளது. பட்டதாரிகளின் தொகை பெருகியது இதற்கு ஒரு காரணம். பட்டம் பெற்றவருக்கு அரசே வேலை தரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேரூன்றியது மற்றொரு காரணம்.

ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும்

இந்த எதிர்பார்ப்பு குடியேற்றவாதக் காலத்திலேயே தோன்றியது. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினர். அங்கு ஆங்கிலம் கற்ற மாணவர் பலர் மதப்பணியை விட அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். 1855 இல் செமினரி மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற தாமோதரம்பிள்ளை, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார்.

ஆறுகளும் பெருந்தோட்டங்களும் இல்லாத யாழ்ப்பாணத்தில் படிப்பே முதலீடானது. கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞர், புகையிரதப் பகுதி உத்தியோகத்தர் என யாழ்ப்பாணத்தார் பலர் வேலை பெற்றனர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் குடும்பத்தின் மதிப்பை உயர்த்தின. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி இந்த மனநிலையைக் காட்டுகிறது. "கோறணமேந்து" என்பது "கவர்ன்மென்ட்" என்பதன் பேச்சுவழக்கு.

கல்வி விரிவாக்கம்

1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமாக மாறியது. அக்காலத்தில் பட்டதாரிகள் மிகச் சிலரே. அவர்களுக்கு வேலையும் பெரும்பாலும் உறுதியாக இருந்தது. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் மேற்படிப்புக்கு வழி திறந்தது. 1959 இல் வித்தியோதய, வித்தியாலங்கார பிரிவேனாக்கள் பல்கலைக்கழகங்கள் ஆயின. 1960களில் சிங்களத்திலும் தமிழிலும் கலைப்பாடங்கள் கற்பிக்கப்பட்டதால் மாணவர் தொகை சில ஆண்டுகளிலேயே பன்மடங்கானது.

வேலைவாய்ப்பு அந்த வேகத்தில் வளரவில்லை. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதியை நம்பியிருந்த பொருளாதாரம் தடுமாறியது. தனியார் நிறுவனங்கள் ஆங்கிலம் அறிந்தவர்களையே விரும்பின. தாய்மொழியில் கலைப்பட்டம் பெற்றவருக்கு ஆசிரியத் தொழிலும் அரச திணைக்களங்களுமே எஞ்சின. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர் தமிழருக்கு அந்த வழியும் ஒடுங்கியது.

1971 உம் அதன் பின்னரும்

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. அதில் பங்குகொண்டோரில் பெரும்பாலானோர் படித்த கிராமப்புறச் சிங்கள இளைஞர்கள். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழு இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தது. வேலைகள் குறைவாக இருப்பதுடன், படித்தோர் எதிர்பார்க்கும் வேலைக்கும் உள்ள வேலைக்கும் பொருத்தம் இல்லை என்பதும் அதன் முக்கிய முடிவாகும். அக்குழுவில் இருந்த சமூகவியலாளர் ரொனால்ட் டோர், சான்றிதழுக்காகவே படிக்கும் போக்கை ஒரு நோயாகக் கண்டு 1976 இல் நூல் எழுதினார்.

1970களில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக அனுமதியையே இனப் பிரச்சினையின் மையங்களுள் ஒன்றாக்கியது. தமிழ் இளைஞரின் போராட்டத்துக்கு அது முக்கிய காரணங்களுள் ஒன்றாக அமைந்தது.

1977 இன் திறந்த பொருளாதாரம் தனியார் துறையை வளர்த்தது. ஆனால் சிங்கள மாணவர் பேச்சில் "கடுவ" (வாள்) எனப்பட்ட ஆங்கிலமே அதன் வாயிலைக் காத்தது. அரச வேலைக்கான "வேலை வங்கி" விண்ணப்பங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஊடாக வழங்கப்பட்டன. இரண்டாவது கிளர்ச்சியின் பின் 1990 இல் அறிக்கை வெளியிட்ட இளைஞர் விவகார ஆணைக்குழு, வேலை வழங்கலில் அரசியல் செல்வாக்கு இளைஞரின் பெருங்குறை என எடுத்துக்காட்டியது.

காத்திருப்பின் தர்க்கம்

பட்டதாரிகளின் காத்திருப்பைச் சோம்பல் எனக் கூறுவது பொருந்தாது. அரச வேலையில் ஓய்வூதியமும் பணிப் பாதுகாப்பும் உண்டு. அரசுகள் பெரும்பாலும் தேர்தல்களை ஒட்டிப் பட்டதாரிகளை மொத்தமாகச் சேர்த்தன. அப்போது முன்னைய ஆண்டுகளில் பட்டம் பெற்றுக் காத்திருந்தவர்களும் உள்வாங்கப்பட்டனர். தனியார் துறையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தவரைவிடக் காத்திருந்தவரே இறுதியில் பயனடைந்தார். வேலையின்மைக்குத் தீர்வாக வந்த ஒவ்வொரு ஆட்சேர்ப்பும் அடுத்த வரிசையை உருவாக்கியது.

2017 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உள்ளிட்ட இடங்களில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்து போராடினர். போருக்குப் பிந்திய வடக்கு கிழக்கில் தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் குறைவாக இருந்ததால் அரசை விட வேறு இடம் அவர்களுக்கு இருக்கவில்லை. 2020 இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பயிலுனராகச் சேர்க்கும் திட்டம் வந்தது. கந்தோர்களில் ஆட்கள் கூடினார்களே தவிர வேலை கூடவில்லை என்ற விமர்சனமும் உடன் எழுந்தது.

2022 இன் பின்

2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டது; புதிய ஆட்சேர்ப்பும் கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வாண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு சென்றனர்.

க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் கற்றவர்களிடையே, அவர்களுள்ளும் பெண்களிடையே, வேலையின்மை கூடுதலாக இருப்பதை இலங்கைத் தொழிற்படை அளவீடுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. இனிவரும் பட்டதாரிகளின் நிலை, எத்தனை பேரை அரசு சேர்க்கும் என்பதைவிட, பாதுகாப்பும் மதிப்பும் உள்ள வேலைகள் அரசுக்கு வெளியே எத்தனை உருவாகும் என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.