சொட்டு மருந்தும் கொடை நிதியும்: சேவைச் சங்கங்களின் பன்னாட்டு அறப்பணியில் தமிழகம்

தருமபுரி, அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களில் ரோட்டரி, அரிமா சங்கங்கள் என்றதும் நினைவுக்கு வருபவை கண் சிகிச்சை முகாமும் இரத்ததானமும்தான். இச்சங்கங்களின் உறுப்பினர்கள் தரும் நன்கொடையில் ஒரு பகுதி கடல் கடந்து செல்வதும், கடல் கடந்த பணம் உள்ளூர் முகாமுக்கு வந்து சேர்வதும் வெளியே அதிகம் தெரிவதில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலில் தமிழகம் கைநீட்டிப் பெற்ற இடமாக மட்டுமே இருந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. போலியோ ஒழிப்பின் வரலாறு அந்த எண்ணத்தை மறுக்கிறது.

சிகாகோவில் 1905இல் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரிக்கு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பொது நிதி என்று எதுவும் இல்லை. 1917இல் ஆர்ச் கிளம்ப் அதை முன்மொழிந்தார். கான்சஸ் நகரச் சங்கம் அளித்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். 1928இல் அந்நிதி ‘ரோட்டரி அறக்கட்டளை’ எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு சென்னையில் ரோட்டரி சங்கம் அமைந்தது. கல்கத்தா அதற்குப் பத்தாண்டு முந்தியது. ஆயிரம் டாலர் கொடுத்தவரைப் ‘பால் ஹாரிஸ் ஃபெலோ’ எனச் சிறப்பிக்கும் வழக்கம் 1957இல் வந்தது. நம் மாவட்டத் தலைநகரங்களின் பதவியேற்பு விழாக்களில் இன்றும் அதற்கு மதிப்பு உண்டு.

இணை மானிய முறை வந்த 1965ஆம் ஆண்டை ஒரு திருப்பமாகக் கருதலாம். ஒரு நாட்டின் சங்கம் தேவையைச் சொல்லும். வேறொரு நாட்டின் சங்கம் பங்குப் பணம் தரும். அறக்கட்டளை அதற்கு ஈடாகச் சேர்க்கும். இந்த ஏற்பாட்டில் நடந்த பணிக்குப் பொறுப்பேற்றுக் கணக்கு ஒப்படைப்பதில் களத்தில் நிற்கும் சங்கத்துக்கும் பங்கு உண்டு. எனவே உள்ளூர்க்காரரின் சொல்லுக்கு வெளிநாட்டில் ஒரு மதிப்பு உண்டானது.

போலியோவுக்கு வருவோம். மேலை நாடுகளில் மூன்று தவணைச் சொட்டு மருந்தே போதுமானதாக இருந்தது. இந்தியக் குழந்தைகளுக்கு அது போதவில்லை என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் 1970களில் எடுத்துக்காட்டினார். குழந்தைகளுக்கு அவரவர் வயதுக்கேற்ப வெவ்வேறு நாளில் மருந்து கொடுப்பதற்குப் பதில், ஊரின் சிறு குழந்தைகள் அனைவருக்கும் ஒரே சமயத்தில், ஆண்டுதோறும் கொடுத்தால் நோய்க் கிருமி பரவ இடமே இராது என்பது அவர் வாதம். 1980களின் தொடக்கத்தில் வேலூர் ரோட்டரி சங்கத்தின் துணையோடு அந்த நகரில் அது செயலுக்கு வந்தது. முடிவுகள் 1983இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. க்யூபாவும் பிரேசிலும் இதே வழியை நாடு முழுவதற்கும் கைக்கொண்டிருந்தன. ஒரு நடுத்தர ஊரின் வணிகர்களும் மருத்துவர்களும் சேர்ந்து அதைச் செய்துகாட்டியதே வேலூரின் தனிச்சிறப்பு. ஆய்வகத்துக்குத் தெருவில் கையாட்கள் தேவைப்பட்டார்கள். சங்கம் அவர்களைக் கொடுத்தது.

1979இல் பிலிப்பைன்ஸில் அறுபது இலட்சம் குழந்தைகளுக்கான போலியோ திட்டத்துக்கு நிதி தந்த ரோட்டரி, 1985இல் ‘போலியோ பிளஸ்’ திட்டத்தை அறிவித்தது. இலக்கு 12 கோடி டாலர். 1988க்குள் திரண்டது 24.7 கோடி. உலக நலவாழ்வு அவை ஒழிப்புத் தீர்மானம் போட்டது அந்த ஆண்டில்தான். இந்தியா முழுவதுக்குமான முதல் போலியோ சொட்டு மருந்து நாள்கள் 1995-96இல் நடந்தன. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் தாக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27இல் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போலியோ அற்ற பகுதி என்ற சான்று கிடைத்தது. இலங்கையில் உள்நாட்டுப் போரின் நடுவே சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாள்களும் உண்டு. அந்தப் போர்நிறுத்தப் பேச்சில் பங்கு கொண்ட கொழும்பைச் சேர்ந்த கே.ஆர். ரவீந்திரன் பின்னர் 2015-16இல் பன்னாட்டு ரோட்டரியின் தலைவரானார்.

நிதி ஓட்டமும் திசை மாறியிருக்கிறது. ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுப்பதில் அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு அடுத்த வரிசையில் இந்தியா இடம்பெற்றிருக்கிறது. ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் பணம் மூன்றாண்டு முதலீட்டில் இருந்த பிறகு அதில் ஏறத்தாழ பாதி பல சங்கங்கள் அடங்கிய அந்தந்த ரோட்டரி மாவட்டத்துக்கே திரும்புவதால், கொடுப்பவர் தம் ஊரின் தேவையையும் கணக்கில் கொள்ள முடிகிறது.

தருமபுரிக்கு அந்தத் தேவை தண்ணீர். நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் கெடுத்துவரும் மாவட்டம் இது. ஜப்பானியக் கடனுதவியோடு அரசு நிறைவேற்றிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த அளவு முதலீட்டைச் சேவைச் சங்கங்கள் எட்ட முடியாது. ஆனால் குழாய் போய்ச் சேராத, போனாலும் தண்ணீர் முறையாக வராத மலையடிவாரக் குடியிருப்புகளில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. ரோட்டரியின் இன்றைய உலக மானியத்துக்குக் குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள திட்டம் வேண்டும். மானியம் கேட்கும் முன் ஊராரின் தேவையை அவர்களிடமே கேட்டறிந்து பதிவுசெய்ய வேண்டும். அங்கே நிறுவும் சுத்திகரிப்பு எந்திரத்தின் சவ்வை யார் மாற்றுவது, மின்கட்டணத்தை யார் கட்டுவது, கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்விகளுக்கு தேவையைக் கேட்டறியும் ஊர்க்கூட்டத்திலேயே விடை எழுதி வாங்கினால், திறப்பு விழாவுக்குப் பிறகும் குடத்தில் தண்ணீர் விழும்.